முடியாது என்று சொன்ன பிறகு

ஷிஜின் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அங்கே ஒரு ரத்ததான முகாம் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் அதன் ஓரத்தில் தனியாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் கொடுக்கப் பயந்த பையன்கள் எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அங்கே ஊசி கிடையாது. பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தால் போதும், பழச்சாறும் பிஸ்கட்டும் கிடைக்கும். ஷிஜின் நின்றதும் அதற்காகத்தான். கடியப்பட்டணம் கால்பந்து அணியின் கோல் காக்கும் கோலி, ஆறடி உயரம், எதிரே வருகிறவன் பூட்ஸ் காலோடு பாய்ந்தாலும் பந்தை விடாதவன், ஊசிக்குப் பயப்படுவான் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் குச்சியை அவன் மறந்தே போய்விட்டான். 2014இல், ஈஸ்டர் முடிந்த ஒரு வாரத்தில், வலையில் சிக்கிய நண்டுகளை அவன் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவள் பெயர் சுபத்ரா. எலும்பு மஜ்ஜை தானம் செய்கிறவர்களைப் பதிவுசெய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"உங்க அணுக்கள் ஒருத்தருக்குப் பொருந்துற மாதிரி இருக்கு ஷிஜின். உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை பண்ணணும். நாகர்கோவில்ல ரத்தம் எடுத்துக்க ஏற்பாடு பண்றேன். சம்மதமா?"

"யாருக்கு மேடம்?"

"பேரு, ஊரு எதையும் சொல்லக் கூடாது. ஒரு குழந்தை. ரத்தப் புற்றுநோய். இவ்வளவுதான் சொல்ல முடியும்."

பெரும்பாலும் இந்தப் பரிசோதனையோடு நின்றுவிடும் என்றும் அவளே சொன்னாள். அதனால் ஷிஜின் சுலபமாகச் சம்மதித்தான். நாகர்கோவிலுக்குப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பேசுவதற்கு வேறு பெரிய விஷயம் இருந்தது. பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும் வேலை அமையாமல் அவன் அப்பா மத்தியாசோடு வள்ளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மத்தியாசுக்கு அதில் கொஞ்சமும் விருப்பம் கிடையாது. அவருடைய தம்பி ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். மகன் வள்ளத்தில் ஏறும் ஒவ்வொரு விடியற்காலையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மே மாதம் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் பொன்னுலிங்கம் பூதப்பாண்டியிலிருந்து பைக்கில் வந்து வாசலில் இறங்கினார். சென்னையில் ஒரு அரசு நிறுவனத்தின் கால்பந்து அணிக்குக் கோலி தேவைப்படுகிறது, ஜூலை கடைசி வாரம் தேர்வு, எடுபட்டால் நிரந்தர வேலை என்றார்.

"நல்லா கேட்டுக்கடே. இருவத்தஞ்சு வயசு தாண்டினா எடுக்கமாட்டான். ஒனக்கு இதுதான் கடைசி பஸ். நான் ஒன் பேரச் சொல்லிட்டு வந்திருக்கேன். என் மானத்தக் கப்பலேத்திராத."

அன்றைக்கு மத்தியாஸ் பொன்னுலிங்கத்துக்காகக் கடற்கரைக்குப் போய் ஒரு பெரிய பாரை மீனை வாங்கி வந்தார். தான் பிடித்த மீனை விற்றுப் பழகிய மனிதர் மீன் வாங்கியதை ஷிஜின் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் உலகக்கோப்பை தொடங்கியது. ஊரின் ஒரு பாதி பிரேசில் கொடிகளாலும் மறுபாதி அர்ஜென்டினா கொடிகளாலும் நிறைந்தது. கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் ஷிஜின் காலையும் மாலையும் பயிற்சி செய்தான். அணியின் இரண்டாவது கோலி பெனின் அவனுக்குப் பந்து அடித்துக்கொடுத்தான். அப்படி ஒரு மாலையில் சுபத்ரா மறுபடியும் கூப்பிட்டாள்.

"முழுசாப் பொருந்தியிருக்கு ஷிஜின். ஜூலை நடுவுல எடுக்கலாமான்னு டாக்டர் கேட்கிறார். அறுவை சிகிச்சையெல்லாம் இல்லை. அஞ்சு நாள் ஊசி போடுவோம். மஜ்ஜையில இருக்கிற அணுக்கள் ரத்தத்துக்கு வந்துடும். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், அந்த அணுக்களை மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சம் அடுத்த கை வழியா உங்களுக்கே வந்துடும். முதல்ல ஒரு டாக்டர் உங்களைப் பரிசோதிக்கணும்."

நாகர்கோவிலில் அவனைப் பரிசோதித்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "நல்ல ஆரோக்கியம். என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

"கடலுக்குப் போவேன் டாக்டர். புட்பால் விளையாடுவேன். கோலி."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த ஊசியில மண்ணீரல் கொஞ்சம் வீங்கும். பயப்பட ஒண்ணும் இல்ல, தானா வடிஞ்சிரும். ஆனா அது வடியறவரைக்கும் வயித்துல அடி படக்கூடாது. மண்ணீரல் கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. பாய்ஞ்சு விழுறது, ஆள் மேல மோதுறது எதுவும் கூடாது. நீங்க கோலின்னா நான் ஒரு மாசம்னு சொல்லுவேன்."

"ஜூலை இருவத்தாறு எனக்கு செலக்ஷன் இருக்கு டாக்டர்."

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான் தம்பி. நீங்கதான் யோசிக்கணும். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு."

பஸ்ஸில் திரும்பும்போதே அவன் சுபத்ராவை அழைத்து, ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். மறுநாள் அவள் பதில் சொன்னாள். குழந்தைக்கு நோய் இப்போது அடங்கியிருக்கிறது. திரும்பவும் தலைதூக்கிவிட்டால் இந்தச் சிகிச்சையே செய்ய முடியாமல் போகலாம். சில நாட்கள் முன்பின் ஆகலாமே தவிர ஒரு மாதம் காத்திருக்க முடியாது.

"வேற யாராவது பொருந்துகாவளா மேடம்?"

"அதை நான் சொல்லக் கூடாது ஷிஜின். இல்லைன்னு சொன்னா உங்களைக் கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடும். இருக்காங்கன்னு சொன்னா நீங்க விலகிடலாம்னு சொல்ற மாதிரி ஆயிடும். இது உங்க உடம்பு. முடிவு உங்களோடதாத்தான் இருக்கணும்."

இனியும் வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாது. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். அம்மா அமலோற்பவம் கையிலிருந்த குழம்புக் கரண்டியை அப்படியே கீழே வைத்தாள். தினமும் மீன் கூடையோடு திங்கள்சந்தைக்குப் போய் வருகிறவள். வியாபாரத்தில் எவனுக்கும் அஞ்சாதவள், ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்கு மட்டும் அஞ்சுவாள்.

"எலும்புக்க உள்ள உள்ளத எடுத்தா பிள்ளைக்க முதுகெல்லு என்னத்துக்கு ஆவும்? நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா? நீ போவண்டாம் மக்களே."

"முதுகெலும்புல ஒண்ணும் தொடமாட்டாவம்மா. எடுத்தது திரும்ப ஊறிரும். ரத்தம் மாதிரிதான்."

மத்தியாஸ் முதுகெலும்பைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. "செலக்ஷன் என்ன ஆவும்?" என்று மட்டும் கேட்டார். ஷிஜின் சொன்னான். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"யாருக்க பிள்ளைன்னே தெரியாது. அதுக்கு நீ ஒனக்க சோத்த விட்டுக் குடுக்கப் போறியா? அந்த உத்தியோகம் மட்டும் போச்சுன்னா நீ சாவுற வரைக்கும் இந்தக் கடல்லதான் கிடக்கணும். நான் இருக்கப்பட்ட வரைக்கும் அது நடக்காது."

ஷிஜினின் அக்கா ஷீஜா எர்ணாகுளத்தில் நர்ஸ். ரத்தப் புற்றுநோய் வார்டில்தான் வேலை. அவளாவது 'போ' என்று சொல்வாள், அவள் சொன்னால் அப்பா கேட்பார் என்ற நம்பிக்கையோடு மறுநாள் அவளுக்குப் போன் செய்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீ என்னக்கா சொல்லுக?"

"போன்னும் சொல்லமாட்டேன், போவாதன்னும் சொல்லமாட்டேன். ஒரு காரியம் மட்டும் சொல்லுதேன், நல்லா கேட்டுக்கோ. உங்கிட்டேருந்து எடுக்கதுக்கு முன்ன அந்தப் பிள்ளைக்கு மருந்து குடுப்பாவ. சாதாரண மருந்து இல்ல. அதுக்க மஜ்ஜைய ஒண்ணுமில்லாம அழிக்கப்பட்ட மருந்து. அழிச்சாத்தான் உனக்குள்ளது அங்க போய் முளைக்கும். அந்த மருந்து தொடங்கின பெறவு நீ வரல்லேன்னு வையி, அந்தப் பிள்ளை பிழைக்காது. இங்க ஒரு தடவை அப்பிடி நடந்துது. குடுக்க வந்தவன் பாதியில பயந்து போனை அணைச்சுப் போட்டான். நாங்க அந்த அறையில நிண்ணோம்..."

அவள் அதை முடிக்கவில்லை.

"அதனால, முடியாதுன்னா இப்பமே சொல்லு. இப்பம் சொன்னா நீ பாவி ஒண்ணும் இல்ல. சரின்னு சொன்னா பெறவு சாவு வந்தாலும் போவணும். நடுவுல ஒண்ணும் கிடையாது மக்கா."

மூன்று நாள் ஷிஜின் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் தேர்வுக்கும் போய்விட்டால் என்ன என்றுகூட ஒருமுறை நினைத்தான். அன்று மாலைப் பயிற்சியில் உயரமாக வந்த பந்துக்கு எழும்பியபோது ஒருவனின் முழங்கால் அவன் விலாவில் ஏறியது. வழக்கமான இடிதான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டான். அப்போதே தெரிந்துவிட்டது, அந்த வழி கிடையாது என்று.

நான்காம் நாள் காலை கடலிலிருந்து கரையேறியதும், வள்ளத்தின் மறைவில் நின்று சுபத்ராவை அழைத்தான். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனதில் அடுக்கி வைத்திருந்தான். அப்பா, வேலை, வயது வரம்பு. அவற்றில் ஒன்றையும் சொல்ல வேண்டி வரவில்லை.

"என்னால முடியாது மேடம்."

"சரி ஷிஜின்," என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, வருத்தத்தையும் காட்டிக்கொள்ளவில்லை. "இப்பவே சொன்னதுக்கு நன்றி. நீங்க சொன்ன நேரம் சரியான நேரம்தான். மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

அவள் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். "இனி என்ன செய்வீங்க?" என்று கேட்டான்.

"டாக்டர்கிட்ட சொல்லுவேன். அவர் இன்னைக்குக் குழந்தையோட அப்பா அம்மாவைப் பார்ப்பார். அவர் சொல்லிடுவார்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். மத்தியாஸ் தலையை மட்டும் அசைத்தார். "நல்லது" என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அமலோற்பவம் முற்றத்தில் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். "மாதாவே, எனக்க வேண்டுதல் கேட்டுட்டியே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நாலைந்து மீனை அறுத்தாள். கத்தி நின்றது.

"ஏலே, அந்தப் பிள்ளை ஆம்பிளப்பிள்ளையா, பொம்பிளப்பிள்ளையா?"

"தெரியாதும்மா."

"எத்தன வயசாம்?"

"சொல்லமாட்டாவ. சின்னப் பிள்ளை, அவ்வளவுதான்."

இன்னும் இரண்டு மீன் அறுத்தாள். "பேச்சு வந்த பிள்ளையா இருக்குமோ?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"இல்ல, கேட்டேன். நீ முடியாதுன்னு சொன்னத அதுக்க அம்மைக்கு யாரு சொல்லுவா?"

"டாக்டர் சொல்லுவாரு. இண்ணைக்கே."

அமலோற்பவம் கத்தியை மண்ணில் குத்தி வைத்தாள். "இண்ணைக்கேவா," என்றாள். செதில் ஒட்டிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகனைப் போகச் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. யாரோ ஒரு பெண் எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஷிஜின் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருவில் இறங்கி நடந்துகொண்டே மறுபடியும் போனை எடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது முறைதான் சுபத்ரா எடுத்தாள்.

"மேடம், அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லை. டாக்டர் வார்டுல இருக்கார். ஏன்?"

"சொல்லாதீங்க. நான் வாறேன்."

அவள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. "யாராவது ஏதாவது சொன்னாங்களா ஷிஜின்?"

"யாரும் ஒண்ணும் சொல்லல்ல."

"இப்படி வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட எதுவும் பேசலை. நாளைக்கும் இதே பதில்னா எடுத்துக்கிறேன். ஆனா அதுக்கப்புறம்..."

"அதுக்குப் பெறவு மாத்தமாட்டேன். எனக்குத் தெரியும் மேடம். அக்கா சொன்னா."

மறுநாள் காலையிலேயே அவன் பஸ் ஏறிப் பூதப்பாண்டிக்குப் போனான். பொன்னுலிங்கத்திடம் போனில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவர் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். வரப்பில் நிறுத்தியே சொல்லிவிட்டான்.

"என்னடே சொல்லுக நீ? நான் நாயா அலைஞ்சு வாங்கின இடம்டே அது!"

"தெரியும் சார்."

"ஒனக்கு மூளை கீளை கழண்டு போச்சா? அவனவன் ஒரு செலக்ஷனுக்குத் தவம் கெடக்கான். ஒரு மாசம் கழிச்சுக் குடுத்தா என்னவாம்?"

"காத்திருக்க முடியாதாம் சார். பெனின அனுப்புங்க. அவன் நல்லா நிக்கான். குறுக்க வாற பந்துக்கு மட்டும் கொஞ்சம் தயங்குவான், அத நான் ரெண்டு வாரத்துல சரிபண்ணிக் குடுக்கேன். நான் பாயமாட்டேன், நிண்ணு சொல்லிக் குடுக்கலாம்லா."

பொன்னுலிங்கம் மண்வெட்டியை ஓங்கி வரப்பில் போட்டார். "எம் மூஞ்சில முழிக்காத, போ," என்றார். ஷிஜின் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து அவர் சத்தம் கேட்டது. "பஸ்சு இப்ப இல்ல. நில்லு, காப்பி குடிச்சிட்டுப் போ." காப்பி குடிக்கும்போதும் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை சுபத்ரா கூப்பிட்டாள். அவன் பதில் மாறவில்லை. மிச்சமிருந்தது அப்பாதான். மத்தியாஸ் கேட்டுவிட்டு வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நேத்து நீ முடியாதுன்னு சொல்லிட்டேன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசம் வரும்னு நினைச்சேன். வரல்ல." வலையை ஓரமாக வைத்துவிட்டு, "கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா தனியாப் போவண்டாம். மெட்ராசுக்கு நானும் வாறேன்," என்றார்.

முதல் ஊசி போட்ட அன்று விடியற்காலையில்தான் பிரேசில் ஏழு கோல் வாங்கித் தோற்றிருந்தது. ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு புகையவில்லை என்று சொல்லலாம். நாகர்கோவிலில் ஊசி போட வந்த நர்ஸ், கண்ணை மூடிக்கொண்டு வியர்த்திருந்தவனைப் பார்த்து, "பிரேசில் கட்சியா?" என்று கேட்டாள். அவனும் ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

இரண்டாம் நாளே வலி தொடங்கியது. இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் உள்ளிருந்து யாரோ பலகையை நெம்புவதுபோல இருந்தது. அது நல்ல அறிகுறி, மஜ்ஜை வேலை செய்கிறது என்று ஷீஜா போனில் சொன்னாள். மாத்திரையும் சொன்னாள். அமலோற்பவம் அவன் முதுகுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தாள். வலி முதுகில் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை, முதுகைத்தான் தேய்த்தாள். அந்த வலியோடே அவன் மைதானத்துக்குப் போய்க் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெனினுக்குச் சொல்லிக்கொடுத்தான். "பந்தப் பாக்காத, அடிக்கவனுக்க இடுப்பப் பாரு. தயங்காத. வெளிய வந்தாச்சுன்னா வந்ததுதான், நடுவுல நிக்காத."

நாலாம் ஊசியைச் சென்னையில் போட்டுக்கொள்ள அப்பாவும் மகனும் ரயிலேறினார்கள். குழந்தைக்கு மருந்து தொடங்கியாயிற்று என்று சுபத்ரா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ரயிலில் மத்தியாஸ் மகனைக் கீழ்ப் படுக்கையில் படுக்கவைத்து, போகிறவர் வருகிறவர் யாரும் இடித்துவிடாதபடி கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பையன் பெட்டியோடு மோத வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையிலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் மனம் முழுக்க மண்ணீரல்தான். அந்த வார்த்தையையே அவர் அந்த வாரம்தான் கற்றிருந்தார்.

சென்னையில் ஐந்தாம் ஊசியும் போட்டு முடித்த காலையில் அவனைக் கட்டிலில் படுக்கவைத்து இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். ஷிஜின் அப்பாவின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரி அளவுக்கு ஒரு மெஷின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கையை மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் மூக்கு அரித்தது.

"அப்பா."

"என்ன மக்களே? வலிக்கா?" மத்தியாஸ் பதறி எழுந்தார்.

"மூக்கு."

"மூக்கு என்ன ஆச்சு?"

"சொறியணும்."

மத்தியாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். வலையும் கயிறும் இழுத்துக் காய்த்துப்போன தடித்த விரலால் மகனின் மூக்கைச் சொறிந்துவிட்டார். ஷிஜினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மெஷின் கத்துமோ என்று பயந்து அடக்க, இன்னும் அதிகமாக வந்தது. மத்தியாசும் சிரித்துவிட்டார். மே மாதம் பாரை மீன் வாங்கிய நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அவன் பார்க்கவில்லை.

மதியம் தாண்டி முடிந்தது. மெஷினின் மேலே தொங்கிய பை பாதிகூட நிறையவில்லை. மங்கிய செந்நிறத்தில் இருந்தது. "இவ்வளவுதானா?" என்று மத்தியாஸ் கேட்டார். "இது போதும்பா. ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள் நர்ஸ். ஒருவர் அதை நீலநிறப் பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார். மத்தியாஸ் ஜன்னலுக்குப் போய் நின்றார். கீழே அந்தப் பெட்டி ஒரு காரில் ஏறிப் போவதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜூலை இருபத்தாறாம் தேதி தேர்வில் பெனின் எடுபட்டான். வேலையில் சேரப் புறப்பட்டவனை வழியனுப்ப ஊர்ப் பையன்களோடு ஷிஜினும் ரயில் நிலையத்துக்குப் போனான். பெனின் அவனைக் கட்டிப்பிடிக்க வந்து, வயிற்றில் படுமோ என்று பாதியில் நின்று கையை மட்டும் பிடித்துக்கொண்டான். வண்டி போன பிறகு ஷிஜின் பையன்களை விட்டுவிட்டு நடைமேடையின் கடைசிவரை தனியாக நடந்தான். அழுகை வந்தது, அழுதான். கொடுத்ததற்காக வருந்தவில்லை. ஆனால் அந்த வேலை அவனுடையதாக இருந்திருக்கும். அதுவும் உண்மைதான்.

அடுத்த மாதங்கள் சுலபமாக இல்லை. செப்டம்பரில் மீண்டும் கடலுக்குப் போனான். சுபத்ரா ஒருமுறை கூப்பிட்டு, "ஒட்டிக்கிச்சு ஷிஜின். உங்க அணுக்கள் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. பெண் குழந்தை, ஒன்பது வயசு, இதை மட்டும் சொல்ல அனுமதி கிடைச்சிருக்கு," என்றாள். அன்று அமலோற்பவம் கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், திரும்பவும் ஆஸ்பத்திரியில் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. கேட்கவும் பயமாக இருந்தது. இப்படி யாரென்றே தெரியாத ஒரு பெண் குழந்தை அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

பொன்னுலிங்கம் ஏழெட்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே போன் செய்து, குளச்சலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்றார். "பெனின் ஊருக்கு வந்திருந்தான். நாற்காலியில இருந்துக்கிட்டே நீ சொல்லிக்குடுத்ததச் சொன்னான். நிரந்தரம் ஒண்ணும் கிடையாது. வேணும்னா போ, வேண்டாம்னா விடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஷிஜின் போனான். வாரத்தில் பாதி நாள் கரையிலும் பாதி நாள் கடலிலுமாக வாழ்க்கை ஒருமாதிரி ஓடியது. மத்தியாசுக்குப் பாதி நிம்மதி.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுபத்ரா கூப்பிட்டாள். இந்த முறை அவள் தன் மகிழ்ச்சியை அடக்கிக்கொள்ளவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறாள். இரண்டு பக்கமும் சம்மதித்தால் சந்திக்கலாம்.

இரு பக்கமும் சம்மதித்ததும் குழந்தையின் வீட்டார் குண்டூரிலிருந்து கடியப்பட்டணத்துக்கு வந்தார்கள். அப்பா அங்கே மிளகாய் மண்டி வைத்திருப்பவர், பெயர் வெங்கட ரமணா. அம்மா பள்ளி ஆசிரியை, சுஜாதா. மகள் பெயர் ஹர்ஷிதா. தலைமுடி சுருட்டை சுருட்டையாகப் புதிதாய் வளர்ந்திருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் சுஜாதா ஷிஜினைப் பார்த்துக் கைகூப்பினாள். அமலோற்பவம் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்குத் தெலுங்கு தெரியாது. அடுக்களையிலிருந்து இருவர் சத்தமும் வெகுநேரம் மாறி மாறிக் கேட்டது. நடுவில் அழுகையும் கேட்டது, பிறகு பாத்திரச் சத்தம்.

வெங்கட ரமணா உடைந்த ஆங்கிலத்தில் ஒரு விஷயம் சொன்னார். மகளுக்கு முன்பு பி பாசிட்டிவ் ரத்தம். இப்போது பரிசோதித்தால் ஓ பாசிட்டிவ் என்று வருகிறது. ஷிஜினுடைய வகை. ஷிஜின் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னான். மத்தியாஸ் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

"வகை மாறிப் போச்சா?"

"மாறிப் போச்சு."

"அப்பம் எனக்குள்ளதும் ஓ பாசிட்டிவ்தான," என்றார் மத்தியாஸ். ஹர்ஷிதாவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வெங்கட ரமணாவின் தோளில் தட்டி, கடலைக் காட்டி, வள்ளத்தில் ஏறலாம் வா என்று சைகை செய்தார்.

அன்று அலை குறைவுதான். ஆனாலும் வள்ளம் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வெங்கட ரமணா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மத்தியாஸ் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் அவர் சட்டையையும் பிடித்தபடி இருப்பது கரையிலிருந்து தெரிந்தது. ஷிஜினும் ஹர்ஷிதாவும் மணலில் நின்று பார்த்தார்கள். அவள் சிரித்தாள். சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் நர்ஸ்களிடம் அவள் தமிழ் கற்றிருந்தாள்.

"அப்பா வாந்தி எடுக்கிறாங்க," என்றாள்.

"முதல் தடவை எல்லாரும் எடுப்பாவ. நானும் எடுத்தேன்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். முழங்கைக்கு உட்புறம், ஊசி ஏற்றுகிற இடத்தை.

"அண்ணா, உங்களுக்கு வலிச்சுதா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"கொஞ்சம் வலிச்சுது," என்றான். "இடுப்புலயும், இங்க நெஞ்சுலயும்."

"எனக்கு நிறைய வலிச்சுது," என்றாள் அவள், பெருமையாக. பிறகு செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டு அலையை நோக்கி ஓடினாள். ஷிஜின் அவள் பின்னாலேயே ஓடினான்.